கச்சான் காலத்துக்கு ஓர் இரண்டு லீற்றர்க் கணினி: டெஸ்க்மினி எக்ஸ்300 மதிப்புரை

ஏஎஸ்ராக் நிறுவனத்தின் டெஸ்க்மினி எக்ஸ்300 முழுக் கணினி அன்று. 155 மில்லிமீற்றர் நீளமும் அதேயளவு அகலமும் 80 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ஓர் உலோகப் பெட்டி, அதற்குள் ஏற்கெனவே பூட்டப்பட்ட மதர்போட், வெளியே வைக்கும் 19 வோல்ட், 120 வாட் அடப்டர் ஆகிய மூன்றுக்கும் மட்டுமே நாம் முதலில் காசு கொடுக்கிறோம். புரொசசர், கூலர், ராம், எஸ்எஸ்டி, வைஃபை அட்டை ஆகியவற்றை வாங்குபவரே தெரிந்தெடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 1.92 லீற்றர். மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையை ஒட்டிய சிறிய அறைக்காக இதைத் தெரிவுசெய்து, கச்சான் எனும் வறண்ட சூடான காற்று வீசும் ஒரு காலத்தையும் அடுத்து வந்த மாரியையும் இதனோடு கழித்த பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மேசையில் உண்மையாகவே இடமில்லாதவர்களுக்கு இது மிக நல்ல பெட்டி, இடம் இருந்தும், சிறியது அழகாக இருக்கிறதே என்பதற்காக வாங்குபவர்களுக்கு வீண்செலவு. நமது பகுதியில் ஒரு கணினிப் பாகத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதன் வேகம் என்ன என்பதன்று. வெக்கையைத் தாங்குமா, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குமா, பழுதானால் மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ அதற்கு மாற்றுக் கிடைக்குமா என்பவையே.

எங்கள் தேவை பெரிதன்று. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல் படிக்கும் மகளுக்குப் பைத்தன் எழுதவும் தரவுத்தளப் பயிற்சிகள் செய்யவும், ஆசிரியையான மனைவிக்கு வினாத்தாள்களைத் தட்டச்சுச் செய்யவும் (பாடசாலைகளில் பழைய பாமினி எழுத்துருவுக்கு இன்னும் ஆயுள் முடியவில்லை), எனக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்க்கவும், எல்லோருக்குமாகச் சூம் வகுப்புக்கும் யூடியூபுக்கும் ஒரு கணினி வேண்டியிருந்தது. மொனிட்டரைத் தவிர்த்து ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் போவதில்லை என்று தீர்மானித்தோம். மொனிட்டர் வீட்டில் இருந்தது. ஆனால் அது விஜிஏ இணைப்பு மட்டுமே உள்ள பழைய திரை. டெஸ்க்மினியின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் ஆகியவற்றோடு விஜிஏயும் இருக்கிறது. புதிய சிறிய கணினிகளில் அருகிவரும் இந்த வசதி, பழைய திரை வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு புது மொனிட்டரின் செலவையே மிச்சப்படுத்தித் தருகிறது. விளம்பரங்களில் இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சிறிய கணினி என்றதும் பலர் மினி-ஐடிஎக்ஸ் மதர்போட்டைத் தேடத் தொடங்குகிறார்கள். தைவானின் வியா நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய இந்த அளவு 170 மில்லிமீற்றர் சதுரம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மைக்ரோ-ஏடிஎக்ஸ் போட் 244 மில்லிமீற்றர் சதுரம். இரண்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை, ஆனால் விலையில் உள்ள தூரம் அதிகம். மினி-ஐடிஎக்ஸ் போட் தன் பெரிய உடன்பிறப்பைவிட விலை கூடியது. அதற்கேற்ற சிறிய கேசிங் விலை கூடியது. அந்தக் கேசிங்குகளிற் பலவற்றுக்கு வேண்டிய எஸ்எஃப்எக்ஸ் எனும் சிறிய வகைப் பவர் சப்ளையோ இங்குள்ள கடைகளில் சொல்லிவைத்து எடுக்க வேண்டிய பொருள். மூன்றையும் கூட்டினால் ஒன்றரை இலட்சத்துக்குள் புரொசசருக்கு மிஞ்சுவது சொற்பம். டெஸ்க்மினி இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்க்கிறது. இன்டெல் நிறுவனம் 2015 இல் முன்வைத்த, 147க்கு 140 மில்லிமீற்றர் அளவான மினி-எஸ்டிஎக்ஸ் போட்டைப் பயன்படுத்தி, பவர் சப்ளையைப் பெட்டிக்கு வெளியே தள்ளி, போட், கேசிங், மின்வழங்கி மூன்றையும் ஒரே விலையில் தருகிறது. சேர்த்துப் பார்த்தால் மினி-ஐடிஎக்ஸ் வழியைவிடக் குறைவு. மைக்ரோ-ஏடிஎக்ஸ் வழியைவிடக் கூடுதல்.

கடுமையான குறையும் இதே இடத்திலேதான் இருக்கிறது. மினி-எஸ்டிஎக்ஸ் போட்டுகளைத் தனியாக விற்கும் கடை மட்டக்களப்பில் மட்டுமன்று, கொழும்பிலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. போட் எரிந்தால் பெட்டி முழுவதையும் திரும்ப வாங்க வேண்டியதுதான். மைக்ரோ-ஏடிஎக்ஸ் கணினியில் இதே பழுது ஏற்பட்டால் திருமலை வீதியிலோ காத்தான்குடியிலோ ஒரு கடைக்குள் ஏறி வேறொரு நிறுவனத்தின் போட்டை வாங்கி அன்று பின்னேரமே பூட்டிவிடலாம். டெஸ்க்மினியை வாங்குபவர் இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டே வாங்குகிறார்; அதைக் குறைப்பதற்காகவே மற்றப் பாகங்கள் ஒவ்வொன்றையும், போட் போனாலும் வேறிடத்தில் பயன்படக் கூடியவையாகத் தெரிவுசெய்தேன்.

புரொசசரில் தெரிவு அதிகம் இல்லை. ஏஎம்4 சொக்கெட்டில் (போட்டில் புரொசசரைப் பொருத்தும் இடத்தின் ஒரு வகை) உட்காரும், 65 வாட்டுக்கு மேற்படாத, திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும் தனக்குள்ளேயே கொண்ட, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வகைகளுக்கே இந்தப் பெட்டி பொருந்தும். தனி கிராபிக்ஸ் அட்டைக்கு இங்கே இடமில்லை. ஆகவே பெயரின் முடிவில் ஜி என்ற எழுத்து உள்ளதா என்று பார்ப்பது முக்கியம்: ரைசன் 5 5600 என்பதும் ரைசன் 5 5600ஜி என்பதும் கடைக்காரரின் விலைப்பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும், முதலாவது சற்று மலிவாகவும் தெரியக்கூடும், ஆனால் அதைப் பூட்டினால் திரை கறுப்பாகவே கிடக்கும். நான் எடுத்தது 5600ஜி. 2021 இல் வெளிவந்த இதில் 6 கோர்களும் (தனித்தனியே வேலைசெய்யும் மையங்கள்) 12 திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) உள்ளன, வேகம் 3.9 இலிருந்து 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை. வேகா 7 கிராபிக்ஸ் உள்ளடங்கியது. எங்கள் வீட்டு வேலைகளுக்கு இது தேவைக்கு அதிகம் என்பதை மறுக்கவில்லை. நான்கு கோர்களோடு 2019 இல் வந்த ரைசன் 3 3200ஜி கூட வினாத்தாளுக்கும் சூமுக்கும் போதும், விண்டோஸ் 11 உம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பாவித்த 3200ஜிக்கு இங்கே கேட்கும் விலையையும், பிள்ளை பல்கலைக்கழகம் போகும்வரை இந்தக் கணினி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது 5600ஜியே சரியாகப் பட்டது. ஏஎம்4 போட்டுகள் ஊரெல்லாம் இருப்பதால், நாளை டெஸ்க்மினி போனாலும் புரொசசர் வீணாகாது. புதிய ஏஎம்5 சொக்கெட்டுக்குரிய 8600ஜி போன்றவை இதில் பொருந்தா. அவற்றுக்கு எக்ஸ்600 என்ற பிந்திய பெட்டி இருக்கிறது, அது டிடிஆர்5 ராமையும் கேட்கும் என்பதால் நமது வரவுசெலவுக்கு வெளியே நிற்கிறது.

ஒரு விடயத்தைக் கடையிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. எக்ஸ்300 சந்தைக்கு வந்தது 2020 இல். 5000 வரிசை ஜி புரொசசர்கள் அதன் பின்னரே வந்தன. பழைய இருப்பிலிருந்து எடுத்துத் தரப்படும் பெட்டியில் பழைய பயொஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போட்டிலேயே பதிந்துள்ள மென்பொருள்) இருந்தால் 5600ஜி பூட்டியதும் கணினி உயிர்பெறாது. பயொஸை இற்றைப்படுத்துவதற்கு முந்திய வரிசைப் புரொசசர் ஒன்று தேவை. அது வீட்டில் யாரிடம் இருக்கும்?

இனிக் கூலர். சிறிய கணினி பற்றிய எழுத்துகளில் இரண்டு வரியில் தாண்டிப் போகும் இந்தப் பாகம்தான் மட்டக்களப்பில் முழுக் கணினியின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. டெஸ்க்மினிக்குள் கூலருக்கு உள்ள உயரம் 46 மில்லிமீற்றர். 5600ஜியோடு பெட்டிக்குள் இலவசமாக வரும் ரைத் ஸ்டெல்த் கூலரின் உயரமோ 54 மில்லிமீற்றர். அதாவது இலவசக் கூலர் இங்கே பயனற்றது. வேறொன்றைக் காசு கொடுத்து வாங்கியே ஆகவேண்டும் என்பதை வரவுசெலவில் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சந்தையில் கிடைக்கும் தட்டைக் கூலர்களையும் மில்லிமீற்றர் பார்த்தே எடுக்க வேண்டும்: தேர்மல்ரைட் நிறுவனத்தின் ஏஎக்ஸ்பி90 வரிசையில் எக்ஸ்36 என்பது 36 மில்லிமீற்றர், அது பொருந்தும், அதன் சகோதரமான எக்ஸ்47 என்பது 47 மில்லிமீற்றர், அது அனுமதிக்கப்பட்ட உயரத்தை ஒரு மில்லிமீற்றரால் தாண்டிவிடுகிறது. ஒஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனத்துக்குரிய என்எச்-எல்9ஏ-ஏஎம்4, விசிறியோடு சேர்த்து 37 மில்லிமீற்றர் உயரம். விலை மனத்தை நோகச் செய்தாலும் நான் இதையே தெரிவுசெய்தேன், ஏனென்றால் அந்த நிறுவனம் இதற்கு 6 ஆண்டு உத்தரவாதம் தருகிறது, ஏஎம்4 போட் எதற்கும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம், இரவில் பக்கத்து அறையில் தூங்குபவருக்குச் சத்தம் கேட்பதில்லை.

கூலருக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவதற்குக் காரணம் நமது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி, வைகாசியிலிருந்து ஆவணி வரை நம்மீது கச்சானாக இறங்குகிறது. அந்த மாதங்களில் பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தொடுகிறது. அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழுள்ள அறையில் இன்னும் கூடும். எந்தக் கூலராலும் புரொசசரை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. ஐரோப்பாவில் 20 பாகை அறையில் வைத்துச் சோதித்து எழுதப்படும் மதிப்புரைகளில் புரொசசர் 75 பாகையில் நின்றது என்றால், ஆரையம்பதியில் அதோடு 13, 14 பாகையைக் கூட்டிக்கொண்டே வாசிக்க வேண்டும். 5600ஜிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பம் 95 பாகை. அதைத் தொட்டால் எரிந்துவிடாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வெக்கையை அதே இரண்டு லீற்றருக்குள் எஸ்எஸ்டியும் ராமும் போட்டிலுள்ள கெபாசிற்றர்களும் பகிர்ந்துகொள்கின்றன.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. 5600ஜியின் வெப்பத் தரம் 65 வாட் என்று எழுதப்பட்டிருந்தாலும், கடும் வேலையின்போது அது 88 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஏஎம்டியின் குறிப்பின்படியே அதை 45 வாட் வரை குறைத்து அமைக்கலாம், அதற்கான தெரிவு டெஸ்க்மினியின் பயொஸில் இருக்கிறது. கச்சான் காலத்து நண்பகலில், காணொளி ஒன்றை வேறு வகைக் கோப்பாக மாற்றிக்கொண்டிருந்தபோது, 65 வாட் அமைப்பில் எங்கள் கணினி 90 பாகையைத் தொட்டது. 45 வாட்டுக்கு இறக்கியபின் அதே வேலையில் 80ஐ எட்டவில்லை. வேலை முடிய எடுத்த நேரம் சற்றுக் கூடியது, ஆனால் தட்டச்சு, விரிதாள், உலாவி ஆகியவற்றில் எந்த வேறுபாட்டையும் எங்களால் உணர முடியவில்லை. குளிரூட்டி இல்லாத அறையில் டெஸ்க்மினியை வைப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இதை ஏற்றுக்கொண்டால், எட்டுக் கோர்கள் கொண்ட 5700ஜிக்கு மேலதிகமாகக் காசு கொடுப்பதில் பொருளில்லை என்பதும் தானாகவே விளங்கும்.

ராமைப் பொறுத்தவரை இந்தப் பெட்டி எதிர்பாராத ஓர் அனுகூலத்தைத் தருகிறது. மேசைக் கணினிக்குரிய நீள ராமை இது ஏற்பதில்லை. மடிகணினியில் வரும் சோ-டிம் வகை டிடிஆர்4 ராமையே கேட்கிறது, 3200 வேகம் வரை, இரண்டு துளைகளிலுமாக 64 ஜிபி வரை. மடிகணினி திருத்தும் கடை ஏறாவூரிலும் உண்டு, களுவாஞ்சிக்குடியிலும் உண்டு, அக்கரைப்பற்றிலும் உண்டு. அங்கெல்லாம் இந்த ராம் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். 16 ஜிபி வேண்டும் என்றால் ஒரு 16 ஜிபி துண்டை வாங்காமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளை வாங்குவது அவசியம். வேகா கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, அது ராமையே கடன் வாங்குகிறது. இரண்டு துண்டுகள் இருக்கும்போது இரு பாதைகளில் தரவு ஓடுவதால் அதன் வேகம் பெரிதும் கூடுகிறது. இரண்டாவது துண்டைப் பிறகு வாங்கலாம் என்று சொல்லும் கடைக்காரரின் யோசனை மற்றக் கணினிகளுக்குச் சரி, இதற்குச் சரியன்று. அதைவிட, 2025 இன் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் ராம் விலை ஏறியிருப்பதால், பழைய மடிகணினி ஒன்று வீட்டில் கிடந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். டிடிஆர்4 ராம் இருந்தால் அது இதற்குப் பொருந்தும்.

எஸ்எஸ்டி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எம்.2 வகை என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு இரண்டு இடங்களும், இரண்டரை அங்குல சாட்டா வட்டுகளுக்கு இரண்டு இடங்களும் உள்ளன. எஸ்எஸ்டி தரவை அனுப்பும் பாதையான பிசிஐஇயில் 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. ஆகவே நான்காம் தலைமுறை வேகத்துக்காக மேலதிக விலை கொடுப்பது தண்டம். 500 ஜிபி, பெயர் தெரிந்த நிறுவனம், முத்திரை உடையாத பெட்டி, அவ்வளவே. பழைய கணினியின் சாட்டா வட்டை மற்றைய இடத்தில் பூட்டிப் படங்களைப் பத்திரப்படுத்தலாம்.

மின்சாரத்தில் டெஸ்க்மினி வெளிப்படையாக வெல்கிறது. மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளைகளின் நெற்றியில் 500 வாட், 600 வாட் என்று எழுதியிருந்தாலும் அவற்றை நம்பி ஒரு நல்ல போட்டைப் பூட்ட எனக்குத் துணிவில்லை. தரமான ஒன்றைத் தனியாக வாங்கினால் மைக்ரோ-ஏடிஎக்ஸின் மலிவில் ஒரு பகுதி கரைந்துவிடும். டெஸ்க்மினியின் அடப்டர் மடிகணினி அடப்டர்களைப் போல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். எங்கள் 230 வோல்ட், மாலையில் எல்லோரும் மின்விசிறியும் மோட்டாரும் போடும் நேரத்தில், குறிப்பாகப் படுவான்கரைப் பக்கத்துக் கிராமங்களில், எவ்வளவுக்கு இறங்குகிறது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்த இறக்கத்தை இந்த அடப்டர் பொருட்படுத்துவதில்லை. அடப்டரே எரிந்தாலும், வோல்ட், அம்பியர், முனையின் அளவு, துருவம் ஆகிய நான்கும் ஒத்துப்போகும் 19 வோல்ட் மடிகணினி அடப்டரைக் கொண்டு மாற்றலாம். கணினியைத் திறக்கவே தேவையில்லை.

கணினி சும்மா இருக்கும்போது சுவரிலிருந்து இழுப்பது 20 வாட்டுக்கும் குறைவு. இதன் பயன் மின்கட்டணத்தைவிட யூபிஎஸ்ஸிலேயே கூடுதலாகத் தெரிகிறது. சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி. கணக்குப்படி 84 வாட்-மணி, நடைமுறையில் அதில் பாதி கையில் கிடைத்தாலே பெரிது. கணினியும் மொனிட்டரும் வைஃபை ரவுட்டரும் சேர்ந்து 50, 60 வாட்டுக்குள் நின்றால், சூம் வகுப்பொன்று முடியும்வரை அரை மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததற்காக முழு இலங்கையும் இருண்ட நாட்டில், யூபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இடிமின்னலுக்கு யூபிஎஸ் மருந்தன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமுழக்கம் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுவதோடு, ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். போட் எரிந்தால் மாற்றுப் போட் கிடைக்காத கணினி இது என்பதை மறக்கக் கூடாது.

உத்தரவாதம் பற்றிய பகுதியை நம்மவர்கள் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் வாசிப்பது குறைவு. ஓர் ஆண்டு என்று எழுதப்பட்டிருந்தாலும் அதில் 14 வேலை நாட்களைக் கழித்துக்கொள்வது இலங்கைக் கணினிக் கடைகளின் வழக்கம். எரிந்த அடையாளம், உடைவு, துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்பதும் பொதுவாக அச்சிடப்பட்டிருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்குக் கடைசிச் சொல் முக்கியமானது. கல்லடியிலும் நாவலடியிலும் உப்புக்காற்று வெளிக்கம்பிகளை என்ன செய்கிறது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்; போட்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் படிவு தெரிந்தாலே உத்தரவாதக் கோரிக்கை திரும்பி வந்துவிடும். இதற்காகப் பெட்டியைப் பொலித்தீனால் மூடிவைப்பவர்களை அறிவேன். அதைவிடக் கணினியை நாளும் சில மணித்தியாலம் ஓடவிட்டு உள்ளே ஈரம் தங்காமற் பார்ப்பதே மேல். மாரியில் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் சிலிக்கா ஜெல் பைகளோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போகலாம், அந்த அளவுக்கு இது சிறியது. பெட்டியின் பக்கங்களிலுள்ள துளைகளுக்குத் தூசி வடிகட்டி இல்லை. கச்சானில் வரும் தூசியும், காரணமில்லாமல் சூடான இடத்தைத் தேடிவரும் சிற்றெறும்புகளும் உள்ளே போகும். மூடியைக் கழற்றித் தூரிகையால் துடைப்பது சில நிமிட வேலைதான்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை பாகத்துக்குப் பாகம் வேறு. டெஸ்க்மினி, நொக்டுவா கூலர் ஆகிய இரண்டும் மட்டக்களப்பு நகரத்துக் கடைகளின் தட்டுகளில் இருப்பதில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ அதனைப் போன்ற கொழும்புக் கடைகளிலோ விலை கேட்டு, கூரியரில் எடுக்கலாம், அல்லது உதயதேவி புகையிரதத்தில் போய்த் திரும்பும் உறவினர் எவரிடமாவது சொல்லிவிடலாம். 300 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் கடையின் உத்தரவாதம் காகிதத்தில் ஒன்றாகவும் நடைமுறையில் வேறாகவும் இருக்கும்; பழுதான பெட்டியை அனுப்பும் செலவும் காத்திருக்கும் வாரங்களும் நம்முடையவை. அதனால் பழுதாகும் வாய்ப்புள்ள மற்றப் பாகங்களான எஸ்எஸ்டி, ராம், யூபிஎஸ் ஆகியவற்றை, சற்று விலை கூடினாலும், நடந்துபோய்க் கேட்கக்கூடிய கடையில் வாங்கினேன். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். தொலைபேசியில் சொல்லப்படும் விலைக்குள் அது அடங்குகிறதா என்று கேட்காமல் இரண்டு கடைகளின் விலைகளை ஒப்பிட முடியாது. விண்டோஸ் 11 உரிமத்தின் விலை தனி என்பதையும் நினைவிற்கொள்க.

பாவனையில் கணினி எங்கள் எதிர்பார்ப்பைத் தாண்டியது என்றே சொல்ல வேண்டும். இயக்கியதும் உடனே தயாராகிறது, முப்பது தாவல்கள் திறந்திருந்தாலும் தயங்குவதில்லை, மகளின் பயிற்சிகளுக்கு அது மூச்சுவிடக்கூட இல்லை. ஒரு நுணுக்கமான பலவீனம் உண்டு: வேகா கிராபிக்ஸ், யூடியூப் இப்போது அதிகமாகப் பயன்படுத்தும் ஏவி1 காணொளி வகையை வன்பொருள் மட்டத்தில் விரிக்காது. கோர்கள் அந்த வேலையைச் செய்துவிடுவதால் படம் தடங்கவில்லை, ஆனால் விசிறி வேகமெடுக்கிறது. இன்டெல் ஐ3-12100 இதைத் தானே செய்யும். யுஎஸ்பி துளைகள் முன்னும் பின்னுமாக நான்கே. விசைப்பலகை, மவுஸ், பிரின்டர், பென்டிரைவ் என்றதும் தீர்ந்துவிடும். வைஃபை அட்டையும் அன்டெனாவும் தனியாக வாங்க வேண்டியவை. கம்பி வழி இணைப்பு ஒரு கிகாபிட்.

மேசையில் இடமிருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: இன்டெல் புரொசசர்களுக்குரிய எச்610 மைக்ரோ-ஏடிஎக்ஸ் போட், ஐ3-12100, தரமான 450 வாட் பவர் சப்ளை, காற்றோட்டமுள்ள சிறிய கேசிங். நான்கு கோர்கள், எட்டுத் திரெட்கள், கூலர் பெட்டிக்குள்ளேயே வரும். எந்தப் பாகம் போனாலும் கல்முனையில் மாற்றலாம். எஃப் என்று முடியும் 12100எஃபை மட்டும் எடுக்கக் கூடாது, அதில் கிராபிக்ஸ் இல்லை. கையில் முக்கால் இலட்சமும் இல்லாதவர்களுக்கு, அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் பாவித்த சிறு கணினிகள் நல்ல வழி, ஆனால் வயது பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் புரொசசர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஏற்கிறது. டெல் ஒப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோவும் 3060 மைக்ரோவும் பார்வைக்கு இரட்டையர்கள். முதலாவதில் இருப்பது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை, இரண்டாவதில் எட்டாம் தலைமுறை. லெனோவோவில் எம்710கியூவுக்கும் எம்720கியூவுக்கும் இதே வேறுபாடு. எண்ணைப் பெட்டியின் மேல் மட்டும் பார்க்காமல், கணினியை இயக்கி, திரையில் புரொசசரின் பெயரையும் வாசித்த பின்னரே காசை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு டெஸ்க்மினியையே எடுப்பதென்றால், கொழும்புக் கடைக்குத் தொலைபேசி எடுக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு: பெட்டிக்குள் கூலர் வருகிறதா, பயொஸை 5600ஜிக்கு ஏற்ப இற்றைப்படுத்தித் தருவார்களா. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம் கேட்டால், புரொசசரையும் அங்கேயே வாங்குவதாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டணம் காணாமற் போய்விடும்.